எதை விடுவது? வரலாற்றுப் பாடத்திட்டம் போடத் தொடங்குபவர்களுக்கு

பாடத்திட்டம் போடச் சொன்னால் முதல் தடவை எல்லோரும் ஒரே வேலையைத்தான் செய்வார்கள். புத்தகத்தின் பொருளடக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, மொத்தம் எத்தனை பாடம், கையில் எத்தனை வாரம் என்று வகுத்து, எக்செல்லில் கட்டம் போட்டு, முதல் வாரம் கற்காலம், அடுத்த வாரம் நதிக்கரை நாகரிகங்கள் என்று நிரப்பிக்கொண்டே போவது. நானும் அப்படித்தான் செய்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வருடக் கடைசியில் பிரெஞ்சுப் புரட்சியை ஒரே பீரியடில் ஓட்டினேன். பாஸ்டில் கோட்டை விழுந்தது, ராஜா தலை போனது, மணி அடித்துவிட்டது. "ஏன் சார் தலையை வெட்டினாங்க?" என்று ஒரு பையன் கேட்டதற்கு "அடுத்த வருஷம் வரும்" என்றேன். அடுத்த வருடமும் வரவில்லை.

நான் போட்டது வெறும் கால அட்டவணை. பாடத்திட்டம் என்றால் இன்னும் சில கேள்விகளுக்கு அதில் பதில் இருக்க வேண்டும்: இதை ஏன் எடுத்தோம், ஏன் இந்த இடத்தில் வைத்தோம், இதைப் படித்த பிள்ளைக்கு அடுத்த பாடத்தில் இது எப்படிக் கைகொடுக்கும், எதையெல்லாம் தெரிந்தே விட்டோம். இந்தக் கடைசிக் கேள்வியில் இருந்து ஆரம்பிப்பதுதான் நல்லது என்பது என் கட்சி. 11 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கான மூன்று வருடத் திட்டம் என்று வைத்துக்கொண்டு பேசுவோம்.

முதலில் கணக்கு. வருடத்துக்கு 38 வாரம், வாரத்துக்கு இரண்டு பீரியட் என்றால் 76. தேர்வு, விளையாட்டு விழா, ஆண்டு விழா, ஆசிரியருக்கே காய்ச்சல் என்று கழித்தால் 60 தேறும். மூன்று வருடத்துக்கு 180. ஒரு விஷயத்தை ஓரளவு உருப்படியாக நடத்த ஆறிலிருந்து எட்டு பீரியட் ஆகும். ஆக மூன்று வருடத்தில் உங்களால் நடத்த முடிவது சுமார் 25 விஷயங்கள், அவ்வளவுதான். மனித குல வரலாறு முழுவதுக்கும் 25! இந்த எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி எதிரில் ஒட்டிக்கொள்ளுங்கள், ஏனென்றால் "இதையும் சேர்த்துக்கலாமே" என்று யாராவது வந்து நிற்கும்போதெல்லாம் "சரி, எதை எடுக்கலாம்?" என்று திருப்பிக் கேட்க அது உதவும். எல்லாவற்றையும் நடத்தியே தீருவேன் என்று கிளம்பினால் நடப்பது என்னவென்று தெரியும்தானே, கற்காலத்துக்கு ஆற அமர மூன்று வாரம், இரண்டாம் உலகப் போருக்கு நாற்பது நிமிடம்.

எப்படிப் பொறுக்குவது? முக்கியமானதை எடுங்கள் என்று சொல்வது சுலபம், யாருக்கு முக்கியம் என்பதில்தான் சண்டை. நான் பார்ப்பது இரண்டு மூன்று விஷயங்கள். அந்த நிகழ்வு அந்தக் காலத்து மனிதர்களின் வாழ்க்கையை நிஜமாகவே புரட்டிப் போட்டதா. அது தெரியாமல் பின்னால் வரும் வேறொன்று புரியாமல் போகுமா. அதைப் பற்றிப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லும்படி ஏதாவது சான்று இருக்கிறதா. கடைசியாக, மொத்தப் பட்டியலையும் தள்ளி வைத்துப் பார்க்கும்போது அதில் அரசர்களும் தளபதிகளும் மட்டுமே நடமாடுகிறார்களா, அல்லது பெண்கள், கூலிக்காரர்கள், வியாபாரிகள், சின்னப் பிள்ளைகள் எல்லாம் இருக்கிறார்களா என்பதும்.

பொறுக்கிய 25ஐ அப்படியே தலைப்புகளாக விட்டுவிடாதீர்கள். "பிரெஞ்சுப் புரட்சி" என்று எழுதி வைத்தால் அது கிணறு, எவ்வளவு வேண்டுமானாலும் இறைக்கலாம். அதை ஒரு கேள்வியாக்குங்கள். அந்தப் பையன் கேட்ட கேள்வியையே எடுத்துக்கொள்ளலாம்: 1789இல் ராஜாவை வைத்துக்கொண்டே அரசியல் சட்டம் எழுத நினைத்தவர்கள், 1793 ஜனவரியில் அவர் தலையை ஏன் எடுத்தார்கள்? இப்போது எது தேவை, எது தேவையில்லை என்பது தானாகத் தெளியும். கஜானா காலி, ரொட்டி விலை, 1791இல் பதினாறாம் லூயி குடும்பத்தோடு தப்பிக்கப் பார்த்து வாரென் என்ற ஊரில் பிடிபட்டது, 1792இல் தொடங்கிய போர், இதெல்லாம் உள்ளே வரும். வெர்சாய் அரண்மனையில் எத்தனை அறை என்பது வராது, வந்தாலும் ஒரு நிமிடத்தில் போய்விடும். நல்ல கேள்விக்கு இரண்டு அடையாளம் உண்டு. ஒரே வரியில் பதில் சொல்ல முடியக் கூடாது, அதே சமயம் ஆறேழு பீரியட் முடிவில் 12 வயதுப் பிள்ளை சுயமாக ஒரு பதில் எழுதும்படியும் இருக்க வேண்டும்.

கேள்விகளில் வகை உண்டு. "ஏன் நடந்தது" என்பது காரணத்தைத் தேடுவது. "எவ்வளவு மாறியது" என்பது மாற்றத்தையும் தொடர்ச்சியையும் எடை போடுவது. "இந்தச் சான்றை வைத்து என்ன சொல்ல முடியும்", "இதே விஷயத்தை இரண்டு வரலாற்றாசிரியர்கள் ஏன் வேறு வேறாகச் சொல்கிறார்கள்", "இதை ஏன் இன்னும் நினைவில் வைத்திருக்கிறோம்", இப்படி ஒவ்வொன்றும் ஒரு விதமான சிந்தனையைக் கேட்கும். ஒரு அலகுக்கு, அதாவது ஒரு கேள்வியை நடத்தி முடிக்கும் அந்த ஆறேழு பீரியடுக்கு, ஒரு வகை போதும். எல்லாவற்றையும் ஒன்றில் திணித்தால் பிள்ளைகளுக்கும் குழப்பம், திருத்துகிற உங்களுக்கும் குழப்பம்.

ஒரு அலகை முழுதாகப் பிரித்துப் பார்ப்போம்

14ஆம் நூற்றாண்டுப் பிளேக் கொள்ளைநோயை எடுத்துக்கொள்கிறேன். கேள்வி: பிளேக் வந்து போன பிறகு இங்கிலாந்தில் கூலியாட்களின் வாழ்க்கை எவ்வளவு மாறியது? ஆறு பீரியட்.

முதல் பீரியட் வரைபடத்தோடு. 1347 அக்டோபரில் சிசிலித் தீவின் மெசினா துறைமுகத்துக்குக் கப்பல்கள் வருகின்றன, அடுத்த வருடம் நோய் இங்கிலாந்துக்கே வந்துவிடுகிறது. அதே 1348இல் டமாஸ்கஸில் ஊர்சுற்றிப் பயணி இப்னு பதூதா இருக்கிறார், நோய் நீங்க ஊரே நோன்பிருந்து ஊர்வலம் போனதை எழுதி வைத்திருக்கிறார். துனிஸில், பின்னால் பெரிய வரலாற்றாசிரியராகப்போகும், அப்போது பதின்ம வயதுப் பையனாக இருந்த இப்னு கல்தூனின் தாய் தந்தையரைப் பிளேக் கொண்டுபோகிறது. நோய் வியாபாரப் பாதையில் பயணம் செய்தது என்பதைப் பிள்ளைகளே வரைபடத்தில் கோடு போட்டுக் கண்டுபிடிக்கட்டும். இரண்டாவது பீரியட் ஆள்கணக்கு. ஐரோப்பாவில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை மக்கள் செத்தார்கள் என்று வெறுமனே சொன்னால் எண் காதில் விழுந்து போய்விடும், ஆகவே "அறுவடைக்கு ஆள் பாதிதான் இருக்கிறார்கள், வயல் மட்டும் அதே அளவு, இப்போது கூலி கேட்கிறவன் கை ஓங்குமா, கொடுக்கிறவன் கையா?" என்று கேளுங்கள்.

மூன்றாவது பீரியட்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 1349இல் ஓர் அரசாணை, 1351இல் ஒரு சட்டம், இரண்டும் சொல்வது ஒன்றுதான்: பிளேக்குக்கு முன்னால் என்ன கூலியோ அதற்கு மேல் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. இதைக் காட்டி, அப்படியானால் கூலி ஏறியதா இல்லையா என்று கேட்டால் வகுப்பில் பெரும்பாலும் "ஏறல, அதான் சட்டம் வந்துடுச்சே" என்பார்கள். பேசாமல் நில்லுங்கள். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒரு பிள்ளை, "ஏறலன்னா எதுக்கு சார் சட்டம் போடணும், அதுவும் ரெண்டு தடவை?" என்று கேட்கும். அந்த நொடியில் அந்தப் பிள்ளை வரலாற்றாசிரியர் செய்கிற வேலையைச் செய்துவிட்டது. சட்டம் என்ன சொல்கிறது என்பதோடு நிற்காமல், அது ஏன் தேவைப்பட்டது என்று பார்க்கிறது.

நான்காவதில் ஹென்றி நைட்டன் என்ற மடத்துத் துறவியின் குறிப்பு. லெஸ்டர் நகரத்து மடத்தில் இருந்தவர். கூலியாட்களுக்குத் திமிர் பிடித்துவிட்டது, அரசாணையை மதிப்பதே இல்லை என்று பொருமுகிறார். மடத்துக்கு நிறைய நிலம் இருந்தது என்பதை அப்புறம் சொல்லுங்கள், உடனே சொல்ல வேண்டாம். ஐந்தாவதில் 1381ஆம் ஆண்டுக் கிளர்ச்சி. 1377, 1379, 1380 என்று நாலு வருடத்துக்குள் மூன்று தலைவரி, கென்ட், எஸெக்ஸ் பக்கத்து ஜனங்கள் லண்டனுக்குள் நுழைகிறார்கள், தலைவன் வாட் டைலர். எதிரில் குதிரையில் வந்து பேசுகிற மன்னர் இரண்டாம் ரிச்சர்டுக்கு வயது 14. இதைச் சொன்னதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும், அவர்கள் வயதுதானே! டைலர் கொல்லப்படுகிறார், மன்னர் கொடுத்த வாக்குறுதிகள் காற்றில் போகின்றன. ஆனாலும் அடுத்த நூற்றாண்டில் அங்கே பண்ணையடிமை முறை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது.

ஆறாவது பீரியட் எழுதுவதற்கு. கேள்வியில் "எவ்வளவு" என்ற சொல் இருக்கிறதே, அதற்குத்தான் பதில் வேண்டும். "மாறியது" என்று மட்டும் எழுதினால் திருப்பிக் கொடுங்கள். யாருக்கு, எதில், எப்போது, எது மாறவில்லை. வேகமாக முடித்துவிடும் பிள்ளைகளுக்கு ஒரு கொசுறு வைத்திருக்கலாம்: கிழக்கு ஐரோப்பாவிலும் ஆட்கள் குறைவுதான், ஆனால் பின்னால் வந்த நூற்றாண்டுகளில் அங்கே பண்ணையடிமை முறை இறுகத்தான் செய்தது. அப்படியென்றால் ஆள் பற்றாக்குறை மட்டும் காரணமாக இருக்க முடியாதே?

இதில் நான் விட்டவற்றையும் சொல்லிவிடுகிறேன். நெறிகட்டிப் புழுத்துச் சாகும் படங்கள், பறவை மூக்கு முகமூடி போட்ட வைத்தியர் (அது 17ஆம் நூற்றாண்டுச் சமாச்சாரம், ஆனாலும் எல்லா இடத்திலும் இந்தப் பிளேக்கோடு ஒட்டி வைத்திருப்பார்கள்), சாட்டையால் தங்களையே அடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்கள். பிள்ளைகளுக்கு இதெல்லாம் உயிர். பத்து நிமிடம் கொடுக்கலாம், அதற்கு மேல் கொடுத்தால் கேள்வி காணாமல் போய்விடும்.

சொற்களையும் திட்டத்தில் எழுதுங்கள்

25 கேள்விகளும் 25 தீவுகளாக இருந்தால் மூன்று வருடம் கழித்து ஒன்றும் மிஞ்சாது. அவற்றைக் கோப்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி, திரும்பத் திரும்ப வரும் சில கனமான சொற்களை முன்கூட்டியே குறித்துக்கொள்வது: பேரரசு, புரட்சி, வணிகம், அடிமை முறை, குடியுரிமை, வரி. 1960இலேயே ஜெரோம் புரூனர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதே திசையில் யோசித்திருக்கிறார், ஒரே கருத்துக்கு வருடா வருடம் இன்னும் ஆழமாகத் திரும்பி வரும் சுருள் பாடத்திட்டம் என்று.

வரியை மட்டும் எடுத்துப் பாருங்கள். முதல் வருடம், மெசபடோமியாவில் 5,000 வருடத்துக்கு முந்தைய களிமண் பலகைகள். உலகின் மிகப் பழைய எழுத்துகளில் பெரும்பகுதி கதையோ கவிதையோ கிடையாது, பார்லி எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்ற கணக்கு. இங்கே வரி என்றால் மேலே இருப்பவர் வாங்கிக்கொள்வது, அவ்வளவு புரிந்தால் போதும். இரண்டாம் வருடம், 1381. ஏழை பணக்காரன் பார்க்காமல் தலைக்கு இவ்வளவு என்றால் அது நியாயமா என்ற கேள்வி சேர்கிறது. மூன்றாம் வருடம் 1773, அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டியது. வரி அதிகம் என்பதால் கொட்டினார்கள் என்று நாமே நினைத்துக்கொண்டிருப்போம், ஆனால் அந்த வருடத்துச் சட்டத்தால் தேயிலை விலை குறையத்தான் இருந்தது. எங்கள் பிரதிநிதி இல்லாத பிரிட்டிஷ் நாடாளுமன்றம் எங்களுக்கு வரி போட யார் என்பதுதான் அங்கே சண்டை. பிறகு 1789, குருமாரும் பிரபுக்களும் பெரும்பாலான வரிகளில் இருந்து தப்பித்துக்கொண்டது. கடைசியில் 1930, ஒரு பிடி உப்புக்காக 24 நாள் நடை. ஒரே சொல்தான், ஆனால் மூன்றாம் வருடம் அதைக் கேட்கும் பிள்ளையின் தலைக்குள் அது வேறு அளவில் இருக்கும். இதற்குத் திட்டத்தில் தனியாக ஒரு பத்தி ஒதுக்கி, எந்த அலகில் எந்தச் சொல் முதலில் வருகிறது, எங்கே திரும்ப வருகிறது என்று குறித்து வையுங்கள். ஆசிரியர் மாறினாலும் அந்தப் பத்தி பேசும்.

காலவரிசையைப் பற்றி ஒரு வார்த்தை. கேள்விகள் நன்றாக இருந்தும் பிள்ளைகளுக்கு எது முன்னால், எது பின்னால் என்று தெரியாமலே போகும் ஆபத்து இருக்கிறது, ரோமானியர்களும் நெப்போலியனும் அடுத்தடுத்த தெருவில் இருந்தவர்கள் மாதிரி பேசுவார்கள். வகுப்புச் சுவரில் ஒரு கயிறு கட்டுங்கள், ஒரு வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர். எழுத்து தோன்றிய காலத்துக்கு ஐந்து மீட்டருக்குக் கொஞ்சம் மேலே போக வேண்டும். கிசாவின் பெரிய பிரமிடு நாலரை மீட்டரில், கிளியோபாட்ரா இரண்டு மீட்டரில், நம் பிளேக் 68 சென்டிமீட்டரில். நிலவில் கால் வைத்தது ஐந்தரை சென்டிமீட்டர். பிள்ளைகளின் மொத்த ஆயுள் 12 மில்லிமீட்டர், ஒரு விரல் நகத்தின் அகலம். ஒவ்வொரு அலகு முடிந்ததும் ஒரு அட்டையைத் தொங்கவிடச் சொல்லுங்கள். செலவே இல்லாத வேலை, மூன்று வருடமும் அங்கேயே இருக்கும்.

சான்றுகளுக்கு வருவோம். நிறையத் திட்டங்களில் "முதல் இரண்டு வாரம்: வரலாற்றுச் சான்றுகள்" என்று தனி அலகு இருக்கும், முதல்நிலைச் சான்று என்றால் என்ன, இரண்டாம்நிலை என்றால் என்ன என்று வரையறை எழுதி வாங்கிக்கொண்டு, அத்தோடு சான்றுக்குக் கும்பிடு. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. எதைப் பற்றிய சான்று என்று தெரியாத பிள்ளையிடம் ஒரு பழைய கடிதத்தைக் கொடுத்தால் "இது ஒருதலைப்பட்சமானது" என்று எழுதும். எதைக் கொடுத்தாலும் அதையேதான் எழுதும். நைட்டன் ஒருதலைப்பட்சமானவர்தான், அதனால்தானே நமக்கு உபயோகம்! நிலக்காரர்கள் எவ்வளவு கடுப்பில் இருந்தார்கள் என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி ஏது. "இது நம்பத்தகுந்ததா" என்பதை விட்டுவிட்டு "எந்தக் கேள்விக்கு இது உதவும்" என்று கேட்கப் பழக்குங்கள்.

இதற்கு ஒரு கல் இருக்கிறது, என் வகுப்பில் அது தவறாமல் வேலை செய்யும். 1911இல் இலங்கையின் காலி நகரில் கிடைத்த கல்வெட்டு, வடிகாலுக்கு மூடுகல்லாகக் கிடந்தது, இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனத் தளபதி ஜெங் ஹேயின் கப்பல்கள் கொண்டுவந்தது, அதில் இருக்கும் தேதி 1409. ஒரே கல்லில் மூன்று மொழி: சீனம், தமிழ், பாரசீகம். முதல் பார்வைக்கு இதைச் சொல்லிவிட்டு ஏன் மூன்று மொழி என்று கேட்டால், ஒரே செய்தியை எல்லோரும் படிக்கத்தான் என்பார்கள், இன்றைய விமான நிலையப் பலகை மாதிரி. அப்புறம் அடுத்த தகவலைக் கொடுங்கள். சீன எழுத்து புத்தரைப் புகழ்கிறது, தமிழ் எழுத்து தெனாவரை நாயனார் என்று விஷ்ணுவை, பாரசீகம் அல்லாவை. காணிக்கைப் பட்டியல் மட்டும் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்று. இப்போது வகுப்பு கலகலக்கும், அந்தத் துறைமுகத்தில் யாரெல்லாம் இருந்திருப்பார்கள், சீனர்கள் யாரைக் குளிர வைக்கப் பார்த்தார்கள் என்று. எல்லோருக்கும் மரியாதை, அமைதியான வணிகம் என்று ஒரு முடிவுக்கு வந்து சேர்ந்திருக்கும் நேரம் பார்த்து மூன்றாவது தகவல்: 1411இல் அதே ஜெங் ஹே இலங்கையில் சண்டை போட்டு, அங்கிருந்த அரசரைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார். கல் பொய் சொல்லவில்லை, ஆனால் கல் எல்லாவற்றையும் சொல்லவும் இல்லை. இதற்கு ஒரு பீரியட் போதும். இந்த அனுபவம் சான்று பற்றிய இரண்டு வார வரையறைகளைவிட நீண்ட நாள் நிற்கும்.

வரிசை என்பது வெறும் ஆண்டு வரிசை இல்லை என்பதற்கும் ஓர் உதாரணம். ஆப்பிரிக்கா உங்கள் திட்டத்தில் முதன்முதலாக எப்போது வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அட்லாண்டிக் அடிமைக் கப்பலில்தான் வரும். அதற்கு முன் அந்தக் கண்டத்தில் யாருமே இல்லாதது மாதிரி. அதற்கு ஒரு வருடம் முன்னாலேயே மாலிப் பேரரசுக்கு இடம் கொடுங்கள், 1324இல் அதன் அரசர் மான்சா மூசா மக்காவுக்குப் போகும் வழியில் கெய்ரோவில் வாரி இறைத்த தங்கத்தைப் பற்றிப் படித்திருந்தால், பிறகு கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் எங்கிருந்து பிடுங்கப்பட்டார்கள் என்பது அந்தப் பிள்ளைக்கு உறைக்கும். யூதர்களும் அப்படியே, 1933க்குப் பிறகு கொல்லப்படுவதற்காக மட்டும் பாடத்துக்குள் வரக் கூடாது. இன்னொன்று, இப்படிப்பட்ட பாடங்களில் "நீ ஒரு அடிமை என்று நினைத்துக்கொண்டு டைரி எழுது" என்று வேலை கொடுக்காதீர்கள், அது விளையாட்டாகப் போகும் அல்லது யாரையாவது குத்தும். அந்தக் காலத்தில் நிஜமாகவே எழுதியவர்களின் சொற்களைப் படிக்கக் கொடுங்கள்.

டெஸ்ட் விஷயத்தில் நான் கஞ்சன். அலகு தொடங்கும்போது பத்துச் சின்னக் கேள்வி, நோட்டிலேயே, பாதி இந்தப் பாடத்துக்குத் தேவையான பழைய பாடத்தில் இருந்து. முடியும்போது அந்தப் பெரிய கேள்விக்கு ஒரு பக்கப் பதில். ஆண்டும் பெயரும் மனப்பாடமாகத் தெரிய வேண்டுமா என்று கேட்பார்கள், கொஞ்சம் தெரியத்தான் வேண்டும், 1349 முன்னால், 1381 பின்னால் என்று தெரியாதவர் மாற்றத்தைப் பற்றி என்ன எழுதுவார்?

தொடங்கும்போது மூன்று வருடத்தையும் ஒரே மூச்சில் எழுதி முடிக்க நினைக்காதீர்கள். 25 கேள்விகளையும் 25 துண்டுச் சீட்டில் எழுதி, மேசையில் பரப்பி, இடம் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள், சக ஆசிரியர் ஒருவரை எதிரில் உட்கார வைத்து. முதல் வருடத்தை மட்டும் பீரியட் வாரியாக விரியுங்கள், மீதி சீட்டாகவே இருக்கட்டும். ஒவ்வொரு அலகு முடிந்த அன்றைக்கே, அந்தச் சீட்டின் பின்புறம் இரண்டு வரி பென்சிலில்: எந்த இடத்தில் பிள்ளைகள் முழித்தார்கள், எந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லை.